பகல்-இரவு வெப்ப இடைவெளியைப் பினாங்கில் அளப்பது: கூண்டு, சென்சர், பழைய தரவு

உலகின் நிலப்பரப்பில் 1950 முதல் 2004 வரை பகல் உச்ச வெப்பநிலை பத்தாண்டுக்குச் சுமார் 0.14 டிகிரி செல்சியஸ் ஏறியது. இரவுத் தாழ்வு சுமார் 0.20 டிகிரி ஏறியது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பத்தாண்டுக்கு 0.06 முதல் 0.07 டிகிரி வரை சுருங்கியிருக்கிறது. அதிலும் பெரும்பகுதி 1980க்கு முன்பே நடந்துவிட்டது. இந்தச் சின்ன எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கருவியின் ஒவ்வொரு நட்டையும் முடுக்க வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண்ணும் உண்டு. அமெரிக்காவின் தன்னார்வ வானிலை நிலையங்களில் 1980களின் நடுவில் கண்ணாடி வெப்பமானியையும் மரப்பெட்டியையும் எடுத்துவிட்டு, மின்னணுச் சென்சரையும், வெயில் நேரே படாமல் அதைக் காக்கும் தட்டடுக்குக் கூண்டையும் பொருத்தினார்கள். அந்த மாற்றத்தால் மட்டும் உச்சம் 0.4 டிகிரி இறங்கியது, தாழ்வு 0.3 டிகிரி ஏறியது. இடைவெளி ஒரே நாளில் 0.7 டிகிரி குறைந்தது. நூறு ஆண்டு காலநிலை மாற்றத்துக்கு நிகரான தாவலை ஒரு பெட்டி மாற்றம் உண்டாக்கிவிட்டது.

ஆகவே இங்கே விவரிக்கும் வேலை இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, மலேசியாவின் பினாங்கில் வீட்டுமனையிலோ பள்ளித் திடலிலோ ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி அளக்கக்கூடிய பதிவுக் கருவியைக் கட்டுவது. மற்றொன்று, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் பழைய தரவை எடுத்து, எந்தத் தாவல் வானத்துடையது, எது கருவியுடையது என்று பிரிப்பது. முதல் வேலையைக் கையால் செய்து பார்த்தவருக்கே இரண்டாவது வேலை பிடிபடும்.

எந்தப் பிழை தானாகவே கழிந்துபோகும், எது தங்கிவிடும்

சென்சர் எப்போதும் 0.3 டிகிரி கூடுதலாகக் காட்டினால் உச்சத்திலும் 0.3, தாழ்விலும் 0.3 கூடும். கழிக்கும்போது இடைவெளியில் அது மறைந்துவிடும். அதனால் நிலையான விலகலை நினைத்து இரவெல்லாம் கண்விழிக்க வேண்டாம். கவலைப்பட வேண்டியவை மூன்று. முதலாவது, வெப்பம் ஏற ஏற விலகலும் கூடும் சென்சர். இரண்டாவது, வெயிலில் சூடேறும் கூண்டு. பகலில் அது உச்சத்தை ஏற்றும். தெளிந்த இரவில் அதே கூண்டு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து காற்றைவிடச் சற்றுக் குளிர்ந்துபோகும், தாழ்வை இறக்கும். ஆக இரண்டு பக்கமும் இடைவெளியை அகலமாக்கும். மூன்றாவதுதான் மிக மோசம்: காலப்போக்கில் மாறிக்கொண்டே வரும் எதுவும். வெள்ளைத் தட்டு பழுப்பேறுவது, பாசி படிவது, பக்கத்தில் சிமெண்டுத் தரை போடுவது, மாமரம் வளர்வது எல்லாம் இதில் அடங்கும். அழுக்கேறிய கூண்டு “இடைவெளி கூடுகிறது” என்று பொய் சொல்லும். வளர்ந்த மரம் “குறைகிறது” என்று பொய் சொல்லும்.

பொருள்கள்

எஸ்எச்டி35 வெப்பநிலை-ஈரப்பதச் சென்சர் பலகை 2. ஆர்டுவினோ புரோ மினி என்ற சிறு கணினிப் பலகை, 3.3 வோல்ட் 8 மெகாஹெர்ட்ஸ் வகை, 1. டிஎஸ்3231 கடிகாரப் பலகை 1. பின்புறம் 4 கிலோபைட் நினைவகச் சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மைக்ரோ எஸ்டி அட்டைப் பலகையும் 4 அல்லது 8 கிகாபைட் அட்டையும். ஏஏ அல்கலைன் மின்கலம் 3, அதற்கான உறை. நான்கு இழைக் கம்பி 1 மீட்டர். ரப்பர் விளிம்புள்ள நீர்புகாப் பெட்டி, கம்பி நுழையும் இடத்துக்கு இறுக்கித் திருகும் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் 2. பினாங்கின் சைட்ரோன் போன்ற மின்னணுக் கடைகளிலேயே பலகைகளில் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

கூண்டுக்கு: பூத்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, 18 முதல் 20 சென்டிமீட்டர் விட்டம், 9. மரையிட்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 6 மில்லிமீட்டர் தடிப்பு, 30 சென்டிமீட்டர் நீளம், 3. அதற்குரிய நட்டும் வாஷரும். கம்பியில் நுழையும் பிவிசிக் குழாயை 20 மில்லிமீட்டர் துண்டுகளாக 24 வெட்டிக்கொள்ளுங்கள். நடுவதற்கு 2 மீட்டர் கால்வனைஸ் குழாய் ஒன்று.

சென்சரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டிஎச்டி22, டிஎஸ்18பி20 இரண்டும் 0.5 டிகிரி துல்லியம் கொண்டவை. அதோடு டிஎஸ்18பி20 என்ற பெயரில் போலிச் சில்லுகள் சந்தையில் ஏராளம். எஸ்எச்டி31இன் துல்லியம் 0.2 டிகிரி; எஸ்எச்டி35இன் துல்லியம் 20 முதல் 60 டிகிரி வரை 0.1. பினாங்கின் வெப்பநிலை ஆண்டு முழுதும் இந்த வரம்புக்குள்தான் கிடக்கிறது. பனி விழும் நாட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை.

கூண்டு

மேலே இரண்டு தட்டுகளை முழுமையாக விடுங்கள். கீழ்த் தட்டு ஒன்றும் முழுமையாக இருக்கட்டும். அதில் மழைநீர் வடிய 5 மில்லிமீட்டர் துளை நான்கு போதும். நடுவிலுள்ள ஆறு தட்டுகளுக்கும் நடுவில் 8 சென்டிமீட்டர் வட்டம் வெட்டுங்கள். எல்லாத் தட்டும் கவிழ்ந்தே இருக்க வேண்டும், விளிம்பு கீழ்நோக்கி. விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் உள்ளே 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று துளை. ஒன்பது தட்டையும் ஒன்றாகக் கவ்வி ஒரே தடவையில் டிரில் செய்தால் துளைகள் நேராக வரும். தனித்தனியாகப் போட்டால் கம்பி நுழையாது.

கோப்பதற்கு முன் ஒரு தட்டை எடுத்து உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். உங்கள் விரலின் நிழல் தட்டின் மறுபுறம் தெரிந்தால் அந்தப் பிளாஸ்டிக் வெயிலைக் கடத்துகிறது என்று பொருள். மலிவுத் தட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். மேற்புறம் பளபளப்பான வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு, கீழ்ப்புறம் மங்கலான கறுப்பு ஒரு பூச்சு கொடுங்கள். கறுப்பு எதற்கு? தரையிலிருந்து எதிரொளித்து நுழையும் வெளிச்சம் தட்டுக்குத் தட்டு தாவிச் சென்சரை எட்டாமல் தடுக்க. மேல் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றிடைவெளிதான் கூண்டின் உயிர்நாடி. அதை அடைத்துவிட்டால் மேல்தட்டின் சூடு நேரே உள்ளே இறங்கும். கோத்து முடித்தபின் இருட்டறையில் சென்சர் இடத்தில் ஒரு சிறிய விளக்கைப் பொருத்தி, எல்லாப் பக்கமிருந்தும் பாருங்கள். விளக்கு நேரடியாகக் கண்ணில் பட்டால் வெயிலும் அதே வழியில் நுழையும். குழாய்த் துண்டுகளை 18 மில்லிமீட்டராகக் குறைத்து மறுபடி கோத்துவிடுங்கள். அதற்கும் கீழே போனால் காற்றோட்டம் செத்துவிடும்.

மின்விசிறி வைக்கலாமா? காற்று மெதுவாக இருக்கும் வெயில் வேளையில், விசிறியில்லாத கூண்டு உண்மையான காற்றைவிட 1 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடும். விசிறி அதைக் குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் உப்புக் காற்றில் அதன் தாங்கி சீக்கிரம் தேயும். நின்றுபோன நாளில் தொடரில் ஒரு தாவல் விழும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நீண்டகால ஒப்பீட்டுக்கு விசிறியில்லாத கூண்டே நல்லது. பிழை கொஞ்சம் கூடுதலானாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருக்கும். விசிறி வைத்தே தீருவேன் என்பவர்கள் சுழற்சி எண்ணிக்கையைத் தரும் மூன்று கம்பி விசிறியை வாங்கி, அந்த எண்ணையும் கோப்பில் பதியுங்கள்.

மின்சுற்று

சென்சர் இரண்டையும் ஒரே ஐ2சி தடத்தில் (சில்லுகள் தரவைப் பரிமாறும் இரு கம்பி வழி) தொங்கவிடலாம். முகவரிக் காலைத் தரையோடு இணைத்தால் பதினாறடிமான எண்ணில் 44, மின்னழுத்தத்தோடு இணைத்தால் 45. கம்பி 1 மீட்டரைத் தாண்டக்கூடாது. தடத்தின் வேகத்தை நொடிக்கு 50 ஆயிரம் துடிப்புக்குக் குறைத்துவிடுங்கள். சென்சர் அனுப்பும் சரிபார்ப்பு எண்ணைப் பொருட்படுத்தாமல் விடும் நிரல்கள் இணையத்தில் பல. அதைச் சரிபார்த்து, தவறினால் மறுபடி கேட்கும்படி எழுதுங்கள். கச்சா எண்ணை 65535ஆல் வகுத்து, 175ஆல் பெருக்கி, 45 கழித்தால் செல்சியஸ் கிடைக்கும். எனவே கோப்பில் கழித்தல் 45 என்றோ சரியாக 130 என்றோ வந்தால் அது வெப்பநிலையே அல்ல, கம்பிக் கோளாறு. டிஎஸ்18பி20 பயன்படுத்துவோர் இதே கண்ணோடு 85க்கும் கழித்தல் 127க்கும் காத்திருக்க வேண்டும்.

புரோ மினியின் மின்விளக்கைச் சூட்டுக்கோலால் எடுத்துவிடுங்கள். அது எரிவதற்கே மின்கலத்தின் பெரும்பகுதி போய்விடும். கடிகாரப் பலகையிலும் ஒரு விளக்கு உண்டு, அதையும். அந்தப் பலகையில் இன்னொரு பொறி இருக்கிறது. மீள்மின்னேற்ற நாணய மின்கலத்துக்கென்று ஒரு மின்னேற்றச் சுற்று அதில் வருகிறது. நாமோ சாதாரண சிஆர்2032 போடுகிறோம். மின்னேற்றக் கூடாத கலத்துக்குள் மின்னோட்டம் தள்ளினால் அது உப்பும், கசியும், பிறகு கடிகாரம் ஒருநாள் சத்தமில்லாமல் 2000ஆம் ஆண்டுக்குத் திரும்பும். கலத்துக்கு அருகிலுள்ள டையோடையோ அதோடு தொடரும் மின்தடையையோ எடுத்துவிட்டால் தீர்ந்தது.

டிஎஸ்3231 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே பிசகும். அதன் இரண்டாவது அலாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கவிட்டு, அந்தச் சைகையால் புரோ மினியை எழுப்புங்கள். எழுந்ததும் ஓர் அளவீடு, மறுபடி தூக்கம். பத்து அளவீடு சேர்ந்ததும் சராசரி, பெருமம், சிறுமம் என மூன்று எண்களை, எண்ணுக்கு 2 பைட் வீதம், கடிகாரப் பலகையின் 4 கிலோபைட் சில்லில் எழுதுங்கள். ஒரு சென்சருக்கு நாளுக்கு 144 பதிவு, 864 பைட். இரண்டு சென்சருக்கும் சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் இடம் கொள்ளும். நாளுக்கு ஒருமுறை மட்டும் எஸ்டி அட்டையை எழுப்பிக் கோப்பைத் திறந்து, எழுதி, மூடிவிட வேண்டும். அட்டையை எப்போதும் இணைப்பிலேயே வைத்திருந்தால் சில அட்டைகள் தூங்குவதே இல்லை. மூன்று மின்கலம் சில வாரத்தில் தீரும். இந்த முறையில் சராசரி மின்னோட்டம் 0.2 மில்லியம்பியரில் அடங்கினால் ஓராண்டு தாங்கும். மின்னழுத்தத்தையும் தினம் பதியுங்கள். மூன்று கலமும் சேர்ந்து 3.5 வோல்ட்டுக்கு இறங்கும் முன் மாற்றிவிட வேண்டும். அட்டை எழுதும் நொடியில் மின்சாரம் தடுமாறினால் கோப்பே சிதைந்துபோகும்.

பற்றவைத்த மூட்டுகளுக்கு அரக்குப் பூச்சு அவசியம். கடற்காற்றுப் படும் தஞ்சோங் தோக்கோங், பட்டர்வர்த் போன்ற இடங்களில் பூசாத செம்பு சில மாதங்களில் பச்சை பிடிக்கும். ஆனால் சென்சர் சில்லின் சிறு துளைமேல் எதையும் பூசாதீர்கள். கரைப்பான் ஆவி பட்டாலே ஈரப்பத அளவு விலகிவிடும். பூசி முடித்து ஒருநாள் உலரவிட்ட பிறகு சென்சரை இணையுங்கள். துளைமேல் வெண்ணிற நீர்புகாச் சவ்வு ஒட்டிய வகை கிடைத்தால் இரட்டை நன்மை. சாரலடித்துச் சென்சர் நனைந்தால் அது ஈரத்துணி சுற்றிய வெப்பமானிபோலக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே காட்டும். மழை விட்ட பின்பும் அரை மணி நேரம் வெப்பநிலைக் கோடு கீழேயே கிடந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஒப்பீட்டுச் சோதனை

இரண்டு சென்சரையும் ஒரே ஜிப் உறையில் போட்டுக் காற்றைப் பிழிந்து மூடுங்கள். ஒரு லிட்டர் தெர்மாஸில் 36 டிகிரி வெந்நீர் ஊற்றி, உறையை மூழ்கவைத்து, அடிக்கடி கலக்கியபடி 40 நிமிடம் விடுங்கள். பிறகு 23 டிகிரி நீரில் அதையே திரும்பச் செய்யுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு சென்சருக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல, அந்த வித்தியாசம் மாறுகிறதா என்பதை. உதாரணமாக, முதல் சென்சர் 36இல் 0.15 கூடுதலாகவும் 23இல் 0.13 கூடுதலாகவும் காட்டினால் இடைவெளியில் வரும் பிழை 0.02 மட்டுமே. அதைக் கொண்டாடலாம். 36இல் 0.25, 23இல் 0.05 என்றால் இடைவெளியில் 0.2 பிழை வரும். அந்தச் சென்சர்களில் ஒன்று ஆகாது. எது என்று கண்டுபிடிக்க மூன்றாவது சென்சரோ கல்லூரி ஆய்வகத்தின் நல்ல வெப்பமானியோ வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் இதே சோதனையைத் திரும்பச் செய்து எண்களை எழுதிவையுங்கள். இரண்டு சென்சரும் ஒரே கூண்டில் இருப்பதால், இடைப்பட்ட காலத்தில் ஒன்று விலக ஆரம்பித்தால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

எங்கே நடுவது

சென்சர் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டருக்குள், 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். கீழே புல். உலக வானிலை அமைப்பின் தர வகைப்படி முதல் தர இடத்துக்கு வெப்பம் தரும் பரப்புகள் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இரண்டாம் தரத்துக்கு 30, மூன்றாம் தரத்துக்கு 10. ஜார்ஜ் டவுனின் வரிசை வீடுகளில் மூன்றாம் தரம்கூடக் கிடைக்காது. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் வைத்தால் சுவரின் இரவு வெப்பத்தையும் பக்கத்து ஏர்கோன் மூச்சையும்தான் அளப்பீர்கள். தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகத்தின் புல்வெளி, குடியிருப்புத் தாமானின் பொதுத்திடல் ஆகியவை நல்ல இடங்கள். தலைமையாசிரியரிடமோ நிர்வாகத்திடமோ முறையாகக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாண்டு நிற்க வேண்டிய குழாய் அது.

நகருக்குள் ஒன்று, பாலிக் பூலாவ் பக்கம் ஒன்று என்று இரண்டு கருவி வைத்தால் வேறுபாடு பெரும்பாலும் இரவில்தான் தெரியும். காரணம் கற்பனைக்கு எட்டாததல்ல. சிமெண்டும் தாரும் பகல் முழுதும் சேர்த்த வெப்பத்தை இரவில் விடுகின்றன. நெருங்கிய கட்டடங்களுக்கு நடுவே தரைக்கு வானம் கொஞ்சமாகவே தெரிவதால் வெப்பம் மேலே தப்பிப்பதும் குறைகிறது. பகலில் காற்று தரையிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரம்வரை கலங்கிப் புரள்வதால் கூடுதல் வெப்பம் அந்த உயரம் முழுதும் பரவிக் கரையும். இரவில் தரையையொட்டிய காற்றடுக்கு மெல்லியது. அதே அளவு வெப்பம் அதில் அதிக டிகிரியாகத் தெரியும். கோலாலம்பூரின் வெப்பத் தீவை 1970களிலேயே அளக்கத் தொடங்கிய ஷாம் சானியின் ஆய்வுகள் இந்த நாட்டில் இத்துறைக்கு அடித்தளம். தண்ணீர்மலை அடிவாரத்துக்கும் நகர நடுவிலுள்ள கொம்தார் கோபுரத்தின் பக்கத்துக்கும் நடுவே விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அது தோலிலேயே தெரியும்.

உயரத்தையும் மறக்கக்கூடாது. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையின் (பினாங்கு மலை) அளவைக் கீழே உள்ளதோடு நேராக ஒப்பிட்டால் நகரின் விளைவும் மலையின் விளைவும் கலந்துவிடும்.

நாள் எப்போது தொடங்குகிறது

பெரும்பாலோர் இடறும் இடம் இது. பினாங்கு 100.3 டிகிரி கிழக்கில் இருக்கிறது; கடிகாரமோ 120 டிகிரிக்கு உரியது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் வாக்கில். சூரியோதயம் ஆண்டு முழுதும் காலை 7க்கும் 7.30க்கும் இடையில். இரவின் மிகத் தாழ்ந்த வெப்பநிலை அந்த நேரத்தையொட்டியே விழும். உலக நேரம் (யூடிசி) 0 மணி என்பது நமக்குக் காலை 8. அந்த நேரத்தில் நாளை வெட்டினால் தாழ்வுக்கும் வெட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமே இருக்கிறது. குளிர்ந்த விடியல் ஒன்றுக்குப் பிறகு, அடுத்த இரவு வெதுவெதுப்பாக இருந்தால், காலை 8.01இன் குளிரே புதிய நாளின் தாழ்வாகப் பதிவாகிவிடும். ஒரே குளிரை இரண்டு நாளுக்குக் கணக்கெழுதியதாகும்.

நள்ளிரவில் வெட்டினால் இந்தத் தொல்லை தீரும், வேறொன்று வரும். மாலை நான்கு மணிக்கு இடியோடு கொட்டும் மழையில் வெப்பநிலை சில நிமிடத்தில் சரிந்து, இரவுத் தாழ்வைவிடக் கீழே போகக்கூடும். அன்று “சிறுமம்” என்று கிடைப்பது இரவின் குளிர் அல்ல, மழையின் குளிர். ஆகவே நிரலில் இரண்டு தாழ்வுகளைத் தனித்தனியாக எடுங்கள்: 24 மணி நேரத்தின் சிறுமம் ஒன்று, இரவு 7 முதல் காலை 9 வரையிலான சிறுமம் மற்றொன்று. நகரமயமாதலைப் பார்க்க இரண்டாவதுதான் உதவும். பழைய தொடரோடு ஒப்பிட முதலாவது வேண்டும்.

கடிகாரமே ஒருமுறை மாறியிருக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் உலக நேரத்தைவிட ஏழரை மணி முன் என்பதிலிருந்து எட்டு மணி முன் என்றானது. சுவர்க் கடிகாரத்தின்படி காலை 8 மணிக்கு எடுத்த பழைய குறிப்பேடு எதையாவது பயன்படுத்தினால், 1982க்குப் பின்னுள்ள 8 மணி சூரியக் கணக்கில் அரை மணி முன்னதாக விழுகிறது. உலக நேரத்தில் எடுத்த அளவில் இந்தத் தாவல் இராது. எது எதுவென்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்த பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

பழைய தரவை அவிழ்ப்பது

பாயான் லெப்பாஸின் உலக நிலைய எண் 48601. மலேசிய வானிலை ஆய்வுத் துறையிடம் விண்ணப்பித்துப் பெறும் தரவு முதல் தேர்வு. அது கிடைக்கும்வரை அமெரிக்க நோவா நிறுவனம் இலவசமாகத் தரும் நாள்வாரித் தொகுப்புகள் இரண்டு உண்டு. ஒன்றில் வெப்பநிலை பத்தில் ஒரு டிகிரி அலகில் முழு எண்ணாக இருக்கும், விடுபட்டது கழித்தல் 9999. மற்றொன்றில் பாரன்ஹீட், விடுபட்டது 9999.9. இந்த எண்களை முதலில் நீக்காமல் சராசரி எடுத்தவரின் வரைபடம் ஒரே பார்வையில் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் ஆபத்தில்லை. ஆபத்து நட்சத்திரக் குறியில் இருக்கிறது. பாரன்ஹீட் தொகுப்பில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், நிலையம் அனுப்பிய உச்சம் அல்ல அது. மணிவாரி அளவுகளில் பெரியதைப் பொறுக்கிப் போட்டது. உண்மையான உச்சம் இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்து போயிருக்கும். அதனால் பொறுக்கிய உச்சம் குறைவாகவும் பொறுக்கிய தாழ்வு கூடுதலாகவும் இருக்கும், இடைவெளி சுருங்கித் தெரியும். சில ஆண்டுகளில் நட்சத்திரம் நிறைய, சில ஆண்டுகளில் கொஞ்சம் என்றால், காலநிலை எதுவும் மாறாமலே ஒரு போக்கு பிறந்துவிடும். குறியுள்ள நாட்களை எண்ணி, ஆண்டுக்கு எத்தனை என்று முதலில் வரைந்து பாருங்கள். அந்தக் கோடும் இடைவெளிக் கோடும் ஒன்றாக வளைந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உச்சமும் தாழ்வும் இரண்டும் உள்ள நாளையே எடுங்கள். மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ, அல்லது தொடர்ந்து 5 நாளோ விடுபட்டிருந்தால் அந்த மாதம் வேண்டாம். மாதச் சராசரி இடைவெளியிலிருந்து அதே மாதத்தின் நெடுங்காலச் சராசரியைக் கழித்து விலகலாக்குங்கள். பினாங்கில் இது கட்டாயம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள், இடைவெளி அகலும். செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்கள், ஒடுங்கும். ஒரு ஜனவரி விடுபட்டாலே விலகலாக்காத ஆண்டுச் சராசரி ஆடிப்போகும். போக்கின் சரிவுக்குச் சாதாரண நேர்கோட்டைவிட, எல்லா ஆண்டு இணைகளின் சரிவையும் எடுத்து அவற்றின் நடு எண்ணைக் கொள்ளும் முறை உறுதியானது. 1997-98, 2015-16, 2023-24 எல் நினோக்கள் (பசிபிக் கடல் சூடேறும் காலங்கள்) தொடரின் நுனியில் வந்தால் நேர்கோட்டைப் பிடித்து இழுத்துவிடும். 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது அப்படிப்பட்ட ஓர் ஆண்டில்தான்.

புகைமூட்ட நாட்களைத் தனியாகக் குறியிடுங்கள். 1997, 2015, 2019 புகைமூட்டங்களில் வெயில் தரையை எட்டுவது குறைந்தது, பகல் உச்சம் தாழ்ந்தது. மேகமும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மேகம் இரவில் வெப்பத்தைப் போர்த்தித் தாழ்வையும் ஏற்றும். பல நாடுகளில் 1980 வரை இடைவெளி சுருங்கியதற்கும் அதன்பின் அந்தச் சுருக்கம் தணிந்ததற்கும், காற்றிலிருந்த மாசு வெயிலை மறைத்துப் பின்னர் விலகியதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நிலையத்தின் சுற்றுப்புற வரலாற்றையும் அதே தாளில் எழுதுங்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறந்தது. பக்கத்தில் தடையற்ற வணிக மண்டலம் 1972இல் வந்தது. வயலும் தென்னையும் இருந்த இடத்தில் ஆலைக் கூரைகள் எழுந்தன. அங்கே இரவுத் தாழ்வு ஏறியிருந்தால் எவ்வளவு உலகத்தினுடையது, எவ்வளவு ஊருடையது என்பது அந்த ஒரு தொடரைக்கொண்டு மட்டும் பிரியாது. 1940 முதல் கிடைக்கும் ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவான (பழைய அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்தது) ஈஆர்ஏ5-ஐ வைத்து ஒப்பிடலாம் என்று தோன்றும். அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பினாங்குத் தீவு முழுதும் கடலோடு சேர்ந்து ஓரிரு கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால் அதன் இடைவெளி கடலின் சாயலில் ஒடுங்கியிருக்கும். அளவை ஒப்பிடாதீர்கள், ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

பராமரிப்பு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவுங்கள். கழுவும் முன் ஏழு நாள், கழுவிய பின் ஏழு நாள் பகல் உச்சங்களை அருகிலுள்ள வேறொரு நிலையத்தோடு ஒப்பிட்டால் அழுக்கு எவ்வளவு சூடேற்றியது என்று எண்ணாகவே கிடைக்கும். குளவி தட்டிடுக்கில் மண்கூடு கட்டினால் உச்சம் மட்டும் ஏறும், தாழ்வு அப்படியே இருக்கும். எறும்பு பெட்டிக்குள் குடியேறினால் கோப்பில் விட்டுவிட்டுப் பதிவு விடுபடும். குழாயைச் சுற்றி ஒரு கையகலம் கிரீஸ் பூசினால் வராது. தாழ்வு மட்டும் திடீரென்று ஏறினால் கருவியைக் கழற்றும் முன் சுற்றிலும் பாருங்கள். பெரும்பாலும் யாரோ புல்லின்மேல் சிமெண்டுக் கல் பதித்திருப்பார்கள்.

தட்டு பழுப்பேறி மாற்ற வேண்டிய நாள் வந்தால் பழையதைக் கழற்றி எறியாதீர்கள். புதுக் கூண்டைப் பக்கத்தில் 2 மீட்டர் தள்ளி நட்டு, இரண்டாவது சென்சரை அதற்கு மாற்றி, குறைந்தது ஓராண்டு இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். மாதவாரி வித்தியாசத்தை உச்சத்துக்கு ஒன்று, தாழ்வுக்கு ஒன்று எனத் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள். கழுவிய தேதி, மின்கலம் மாற்றிய தேதி, புல் வெட்டிய தேதி, பக்கத்து மரம் விழுந்த தேதி எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில், மையால். அந்த நோட்டை நீர்புகாப் பெட்டிக்குள் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்; பினாங்கின் ஈரத்தில் பெட்டிக்குள் இருக்கும் தாளை ஒரே பருவத்தில் பூஞ்சை தின்றுவிடும்.